நித்திரையைக் கெடுப்பது நினைவா, தொண்டையா? – வாய்த் தசைப் பயிற்சி பற்றி ஜெயபுரத்திலிருந்து

வன்னியில் ஒருவர் “இரவில் நித்திரை இல்லை” என்று சொன்னால், கேட்பவரின் மனதில் முதலில் வருவது 2009ஆம் ஆண்டுதான். நான் வசிக்கும் ஜெயபுரமும் இதற்கு விதிவிலக்கல்ல. பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில், மன்னார் – பூநகரி ஏ-32 வீதியை அண்டியிருக்கும் கிராமம் இது. 2008இல் வீடுகளை விட்டு வெளியேறி, கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து கொண்டேபோய், முகாம்களில் இருந்து, பின்னர் திரும்பி வந்தவர்கள்தான் இங்கு பெரும்பாலானவர்கள். அந்த மாதங்களின் நினைவு இரவில் வந்து எழுப்புவது உண்மை. அதற்கு உளநல உதவி தேவை என்பதும் உண்மை.

ஆனால், அந்த ஒரு விளக்கம் மிகவும் வலிமையாக இருப்பதால் வேறொரு காரணம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இரவில் திடுக்கிட்டு எழும்புதல், மூச்சு முட்டுவதுபோல இருத்தல், நெஞ்சு படபடப்பு, காலையில் தலையிடி, பகல் முழுவதும் களைப்பு, எரிச்சல், மறதி. இவை மனக்காயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். நித்திரையில் மூச்சு வழி அடைபடும் நோயின் அறிகுறிகளும் இவையேதான். ஆங்கில மருத்துவத்தில் அதனை ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறார்கள். அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய படையினரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள், இந்த இரண்டும் பலரிடம் ஒன்றாகவே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. அவர்களில் மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெற்ற பலருக்குக் கெட்ட கனவுகளும் குறைந்தன.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறட்டையை நாங்கள் நோயாக எண்ணுவதில்லை. “அவர் படுத்த உடன குறட்டைதான், நல்ல நித்திரை” என்று பெருமையாகச் சொல்லும் ஊர் இது. குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம் அல்ல. ஒடுங்கிய வழியால் காற்று சிரமப்பட்டுப் போகும் சத்தம் அது.

எனக்கு இந்த நோய் நடுத்தர அளவில் இருப்பது, கொழும்பில் செய்துகொண்ட இரவுநேரப் பரிசோதனையில் தெரியவந்தது. அதன் பின்னர்தான் நாக்கு, தொண்டை, கன்னத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி வாசிக்கவும் செய்து பார்க்கவும் தொடங்கினேன். ‘மயோஃபங்ஷனல் தெரபி’ என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

தொண்டையில் என்ன நடக்கிறது?

மூக்கின் எலும்புப் பகுதி தாண்டியதும், குரல்வளைக்கு மேலே வரையிலான மூச்சு வழி ஒரு மென்குழாய். அதைச் சுற்றிலும் உறுதியான எலும்போ கசியிழையமோ இல்லை. அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது தசைகள்தான். முக்கியமானது, நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசை. விழித்திருக்கும்போது மூளை இந்தத் தசைகளை எப்போதும் சற்று இறுக்கமாகவே வைத்திருக்கிறது. நித்திரை வந்ததும் இறுக்கம் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு தன் பாரத்தால் பின்னோக்கிச் சரிகிறது. வழி ஒடுங்கி, மென்னண்ணமும் உள்நாக்கும் அதிரும்போது குறட்டை வருகிறது.

வழி முழுதாக அடைபட்டால் மூச்சு நின்றுவிடுகிறது. குருதியில் ஒட்சிசன் இறங்குகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து ஒரு கணம் எழுப்பிவிடுகிறது. தசைகள் மீண்டும் இறுகி, பெரும் சத்தத்துடன் மூச்சு திரும்புகிறது. படுத்திருப்பவருக்கு இது நினைவில் நிற்காது. இப்படிக் குறைந்தது 10 செக்கன்கள் மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு நிகழ்வாகக் கணக்கிடுகிறார்கள். வளர்ந்தவர்களில், மணித்தியாலத்துக்கு 5இலிருந்து 15 வரை என்றால் இலேசான நோய். 15இலிருந்து 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. மணித்தியாலத்துக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தை நெரித்து விடுவது போன்றது.

இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் உயர் குருதி அமுக்கம், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, பாரிசவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது. பகலில் கண் சொருகும். ஏ-32 வீதியில் அதிகாலையில் வாகனம் ஓட்டும் சாரதிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

உடல் பருத்தவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று எண்ண வேண்டாம். சிறிய அல்லது பின்தள்ளிய தாடை, பெரிய ரொன்சில், அடைபட்ட மூக்கு உள்ள மெலிந்தவர்களுக்கும் வரும். மதுவும் நித்திரைக் குளிசைகள் சிலவும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும். போர் நினைவென்று எண்ணி நித்திரைக் குளிசை எடுக்கும் ஒருவருக்கு உண்மையில் மூச்சுத்தடை இருந்தால், அந்தக் குளிசையே நிலைமையை மோசமாக்கக்கூடும்.

இயந்திரமும் பயிற்சியும்

1981இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர், மூக்கின்மேல் ஒரு முகமூடியைப் பொருத்தி, அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கும் முறையை வெளியிட்டார். ‘சீபாப்’ எனப்படும் அந்த இயந்திரமே நடுத்தரமான, கடுமையான நோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை. அது வேலை செய்கிறது. ஆனால், சொந்தப் பணத்தில் வாங்குவது ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கோ சிறு விவசாயிக்கோ எட்டாத காரியம். மின்சாரமும் இரவு முழுக்க வேண்டும். முகமூடியுடன் படுக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுபவர்கள் பணக்கார நாடுகளிலும் ஏராளம். அதனால்தான் தசைப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் கவனம் பெற்றன.

வாய்த் தசைகளைப் பழக்கும் எண்ணம் பழையது. பல் வரிசையைச் சீராக்கும் நோக்கத்தில் அமெரிக்கப் பல் வைத்தியர் அல்ஃபிரட் ரொஜர்ஸ் 1918இலேயே இதுபற்றி எழுதியிருக்கிறார். நித்திரை நோய்க்கு அதைப் பயன்படுத்துவதில் திருப்புமுனையாக அமைந்தது பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்த ஆய்வு. பேச்சுச் சிகிச்சையாளரான காத்தியா கிமராயிஸ் உருவாக்கிய பயிற்சிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2009இல் வெளியானது. நடுத்தர நோய் உள்ள 31 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் மூன்று மாதம் தினமும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வெறும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்தவர்களின் மூச்சுத்தடை சராசரியாக மணித்தியாலத்துக்கு 22.4இலிருந்து 13.7ஆகக் குறைந்தது. உடல் எடை குறையவில்லை. ஆனால் கழுத்துச் சுற்றளவு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைந்தது.

2015இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மக்காரியோ கமாச்சோவும் உடன் ஆய்வாளர்களும், வளர்ந்தவர்களில் மூச்சுத்தடை எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகவும், பிள்ளைகளில் 62 வீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். அதே ஆண்டில் சாவோ பாலோவில் குறட்டை விடும் 39 பேரிடம் நடந்த ஆய்வில், குறட்டையின் எண்ணிக்கை 36 வீதமும் அதன் ஒலி வலு 59 வீதமும் குறைந்தன.

இந்த எண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாமே சிறிய ஆய்வுகள். ஒருசில மாதங்களே நீடித்தவை. 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, பகல் தூக்கம் குறைய வாய்ப்பிருக்கிறது என்றாலும் சான்று போதிய உறுதியுடன் இல்லை என்றே முடிவு கூறியது. பாதியாகக் குறைவது என்பதற்கும் வேறுபட்ட பொருள்கள் உண்டு. 20 பத்தானால் நோய் இலேசாகிவிடும். 60 முப்பதானால் நோய் அப்போதும் கடுமையானதுதான்.

சங்கும் நாதஸ்வரமும்

2006இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள், அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ‘டிஜரிடூ’ என்ற நீண்ட ஊதுகுழலை 25 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கற்பித்தார்கள். நான்கு மாதம் வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, இரட்டைச் சீவாளி கொண்ட குழல் வாத்தியங்களை வாசிக்கும் கலைஞர்களுக்கு இந்நோயின் ஆபத்து மற்றக் கலைஞர்களைவிடக் குறைவாக இருப்பதாகக் கூறியது. எங்களுடைய நாதஸ்வரமும் இரட்டைச் சீவாளி வாத்தியம்தான். நாதஸ்வரக் கலைஞர்களை அந்த ஆய்வு சோதிக்கவில்லை என்றாலும், சீவாளியைப் பிடிக்க உதடும் கன்னமும் தொண்டையும் படும் பாட்டை மேடைக்கு அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சங்கைப் பற்றி நேரடியாகவே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் வைத்தியர் கிருஷ்ண கே. சர்மா தலைமையில் நடந்து 2025இல் வெளியானது. சங்கு ஊதும் பழக்கமுள்ள சில நோயாளிகள் தங்களுக்கு நித்திரை நன்றாக வருவதாகச் சொன்னதே அதற்குத் தூண்டுதல். நடுத்தர நோயுள்ள 30 பேரில் 16 பேர் ஆறு மாதம், கிழமைக்கு ஐந்து நாள், ஒரு நாளில் குறைந்தது 15 நிமிடம் சங்கு ஊதினார்கள். மற்ற 14 பேர் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தார்கள். சங்கு ஊதியவர்களின் பகல் தூக்கம் 34 வீதம் குறைந்தது. மூச்சுத்தடையும் மணித்தியாலத்துக்கு நான்கு, ஐந்து குறைந்தது. இதுவும் மிகச் சிறிய ஆய்வுதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோயோ குடலிறக்கமோ இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பலமாக ஊதக் கூடாது. ஆனாலும், கோயிலிலும் செத்த வீட்டிலும் மட்டும் நாங்கள் கேட்கும் சங்குக்குத் தொண்டைத் தசையைப் பலப்படுத்தும் வேலையும் இருக்கிறது என்பது யோசிக்க வைக்கிறது.

பயிற்சிகள்

2015ஆம் ஆண்டின் குறட்டை ஆய்வில் பயன்படுத்தப்பட்ட பயிற்சிகள் எளிமையானவை. ஒருதடவைக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் செய்ய வேண்டும்.

தொடங்குமுன் நாக்கின் ‘வீடு’ எது என்று அறிய வேண்டும். ‘மன்னார்’ என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். ‘ன்’ இல் நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள அந்த மேடுதான் வீடு. வாய் மூடி, பற்கள் அழுந்தாமல், நாக்கு அங்கே மேலே ஒட்டியிருக்க, மூக்கால் மூச்சு விடுவதே ஓய்வு நிலை. எங்களில் பலருடைய நாக்கு எப்போதும் கீழே கிடக்கிறது.

1. நாக்கு நுனியை அந்த இடத்தில் வைத்து, அண்ணத்தை அழுத்தியபடி பின்னோக்கி இழுக்க வேண்டும். 20 தடவை.

2. முழு நாக்கையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டி அழுத்த வேண்டும். 20 தடவை.

3. நாக்கு நுனி கீழ் முன்பற்களைத் தொட்டபடி இருக்க, நாக்கின் பின்பகுதியை வாயின் அடியை நோக்கி அழுத்த வேண்டும். 20 தடவை.

4. வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லி, உள்நாக்கும் மென்னண்ணமும் மேலெழும்படி செய்ய வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் எழுவது தெரியும். 20 தடவை.

5. கழுவிய விரலைக் கன்னத்தின் உட்புறம் வைத்து வெளியே தள்ள, கன்னத் தசையால் அதை உள்ளே அழுத்த வேண்டும். பக்கத்துக்கு 10 தடவை.

6. சாப்பிடும்போது இரு பக்கமும் மாறி மாறி மென்று, உதட்டையும் கன்னத்தையும் இறுக்காமல், நாக்கை அண்ணத்தில் வைத்து விழுங்கப் பழக வேண்டும்.

நான் நான்கு மாதம் செய்தேன். முதல் கிழமைகளில் நாக்கு நோகும். வேறு எதுவும் தெரியாது. மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. மீண்டும் பரிசோதித்தபோது மூச்சுத்தடை குறைந்திருந்தது; இல்லாமல் போகவில்லை. மல்லாந்து படுக்காமல் சரிந்து படுப்பதையும் அதோடு சேர்த்தே பழகினேன் என்பதால், எது எவ்வளவு உதவியது என்று என் ஒருவனின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சியை விட்டால் தசை மறுபடி தளரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல் துலக்குவதைப்போல இது அன்றாட வேலை.

பிள்ளைகளின் வாய்

பிள்ளை வாயைத் திறந்தபடி படுப்பதும், குறட்டை விடுவதும், படுக்கையை நனைப்பதும், வகுப்பில் கவனம் சிதறி ஓடித்திரிவதும் ஒரே காரணத்தால் இருக்கலாம். வளர்ந்தவர் நித்திரை குறைந்தால் சோர்வார். பிள்ளை பெரும்பாலும் துடிதுடிப்பாகிவிடும். “குழப்படி”, “மொக்கு” என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைக்குத் தேவை ஒரு காது, மூக்கு, தொண்டை வைத்தியராக இருக்கக்கூடும். நாக்கு மேலே ஒட்டாமல் வாயால் மூச்சு விட்டு வளரும் பிள்ளையின் மேல் அண்ணம் ஒடுங்கி உயர்வதும், முகம் நீள்வதும், பல் நெருங்குவதும் உண்டு. அப்படி ஒடுங்கிய தாடை பின்னாளில் மூச்சு வழியையும் ஒடுக்கும்.

பிள்ளைகளில் முதற்காரணம் பெரும்பாலும் பெரிய ரொன்சிலும் மூக்கின் பின்னால் உள்ள அடினொயிட் சதையும்தான். அதற்கு வைத்திய ஆலோசனையே வேண்டும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை. பயிற்சி வருவது அதற்குப் பிறகு. நித்திரை மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிறிஸ்டியன் கில்மினோ 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப் பின் குணமடைந்திருந்த 24 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார். வாய்த் தசைப் பயிற்சியைத் தொடர்ந்த 11 பேரும் குணமாகவே இருந்தார்கள். பயிற்சி செய்யாத 13 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது.

மூக்கு அடைபட்டிருக்கும் பிள்ளையிடம் “வாயை மூடு” என்று அதட்டுவதில் பயனில்லை. கோடையில் எங்கள் உள்வீதிப் புழுதி, அடுப்புப் புகை, நுளம்புச் சுருள் எல்லாம் மூக்கைக் கெடுப்பவை. முதலில் மூக்கு திறக்க வேண்டும். இதே காரணத்தால், சமூக ஊடகங்களில் பரவும், வாய்க்கு ‘ரேப்’ ஒட்டிப் படுக்கும் பழக்கத்தையும் எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து. பிள்ளைகளுக்கு ஒட்டவே கூடாது.

இங்கே என்ன செய்யலாம்?

கனடாவின் ரொறன்ரோவில் உருவாக்கப்பட்டு 2008இல் வெளியான எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. உரத்த குறட்டையா? பகலில் களைப்பா? மூச்சு நிற்பதை யாரும் கண்டார்களா? உயர் குருதி அமுக்கம் உண்டா? உடற்திணிவுச் சுட்டி 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்று 40 சென்ரிமீற்றருக்கு மேலா? ஆணா? இவற்றில் மூன்று அல்லது நான்குக்கு ‘ஆம்’ என்றால் நடுத்தர ஆபத்து. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அதிக ஆபத்து. ஒரு அளவு நாடாவும் பேனாவும் போதும். உடற்பருமன் இல்லாமலே இந்நோய் ஆசியர்களுக்கு வருவதால், குறைவான எண் வந்தாலும் அறிகுறி இருந்தால் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது கேள்வியில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு துயரம் இருக்கிறது. கணவனை இழந்து, பிள்ளைகளும் வளர்ந்து போய், தனியே படுக்கும் பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். அவர்களுடைய மூச்சு நிற்பதை யார் காண்பது? மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கு இந்த நோயின் ஆபத்து கூடுகிறது. பலருக்கு அது உரத்த குறட்டையாக வராமல், நித்திரை முறிவு, காலைத் தலையிடி, தீராத களைப்பு என்றே வெளிப்படும். அதைத்தான் எல்லோரும் “யோசனை” என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். தலைமாட்டில் கைத்தொலைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்வது ஒரு வழி. உரத்த குறட்டை, பின் அமைதி, பின் திணறிய மூச்சு என்று மாறி மாறிக் கேட்டால், அந்தப் பதிவையே வைத்தியரிடம் கொண்டு போகலாம்.

குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் முழங்காவில் வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள், அங்கேயே குறட்டையையும் பகல் தூக்கத்தையும் சொல்லலாம். மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கலாம். உளநலக் கிளினிக்குக்குச் செல்பவர்களும் சொல்ல வேண்டும். வாகனம் ஓட்டும்போது கண் சொருகுபவர், மூச்சுத் திணறி எழும்புபவர், இதய நோயுள்ளவர் ஆகியோர் பயிற்சியைச் செய்து பார்த்துவிட்டுப் போவோம் என்று காத்திருக்கக் கூடாது. இயந்திரம் பாவிப்பவர்கள் பயிற்சி தொடங்கியதற்காக அதை நிறுத்தவும் கூடாது.

இந்தப் பயிற்சியை முறையாகக் கற்பிக்கக் கூடியவர்கள் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் அவர்களை உருவாக்குகிறது. தமிழில் பணியாற்றக் கூடியவர்கள் அவர்களில் மிகக் குறைவு; இருப்பவர்களுக்கும் பேச்சு வராத பிள்ளைகளையும் பாரிசவாத நோயாளிகளையும் பார்க்கவே நேரம் போதாது. ஆகவே, ஒரு கிராமத்துக்கு ஒரு சிகிச்சையாளர் என்று கேட்பது இன்றைக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால், மாவட்டத்தில் ஒரு சிகிச்சையாளர் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இந்த ஆறு பயிற்சிகளையும் எட்டுக் கேள்விகளையும் ஒருநாளில் பழக்கிவிட முடியும். தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்களின் கையில் கொடுக்க முடியும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

போர் எங்கள் நித்திரையைக் கெடுத்தது. கெட்ட எல்லா நித்திரைக்கும் போரே காரணம் என்று இருந்துவிட்டால், சிகிச்சையுள்ள ஒரு நோயோடு வீணாக வாழ்ந்து முடிப்போம். உங்கள் வீட்டில் இன்றிரவு யாராவது குறட்டை விட்டால் சற்று நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் எப்படி என்பதைவிட, இடையில் அமைதி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், பத்து வரை எண்ணிப் பாருங்கள்.